ஒழுகாத குழாய்

மார்ச் 3

தம்பி,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. நீ நன்றாகத்தான் இருப்பாய். நான் இருக்கும் லட்சணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் நம்பரை ஏன் தடுத்து வைத்திருக்கிறேன் என்று உன் அத்தானிடம் கேட்டாயாம். போனைக் காதில் வைத்தால் பேசுகிறவர் குரலுக்கு மேல் ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பாதி வார்த்தை எனக்கு வந்து சேர்வதில்லை. அது போகட்டும். போனில் சொன்னதை நாளைக்கு "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டுவிடலாம். காகிதத்தில் எழுதியதை யாரும் அப்படிக் கேட்க முடியாது. நீ இனி என்னிடம் பேசுவதெல்லாம் காகிதத்தில்தான்.

தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இதை எழுத முடிகிறது. தெருவில் நடந்தால் கடைப் பலகைகளில் உள்ள எழுத்தெல்லாம் குதிக்கின்றன. நான் நின்றால் அவையும் நிற்கின்றன. போன வாரம் முகத்தில் சோப்பைப் போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்த நொடி குளியலறைத் தரையில் கிடந்தேன். தாடையில் மூன்று தையல். இப்போதெல்லாம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சோப்பு எரிய எரிய முகம் கழுவுகிறேன்.

காது டாக்டரிடம் போனேன். காதுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டுப் பார்த்தார். நல்ல காதாக இருந்தால் அறையே சுற்றுமாம், வாந்திகூட வருமாம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பரீட்சையில் தேறிவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மற்றக் காதிலும் விட்டுப் பார்த்துவிட்டு, "சமீபத்துல நரம்பு வழியா ஏதாவது ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார். உன் கையெழுத்தில் இருந்த சீட்டை நீட்டினேன். பதினான்கு நாள் என்று படித்ததும் புருவம் ஏறியது. "நடுவுல ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

ஆளை நேராக நிற்கவைக்கும் பாகம் காதுக்குள்ளேதான் இருக்கிறதாம். எனக்கு இரண்டு பக்கமும் செத்துவிட்டதாம். அந்த ஆன்டிபயாடிக் ஊசிதான் கொன்றிருக்கிறது என்றார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளுமாம், போனது வராதாம்.

இனி பள்ளிக்கூடத்துக் கதை. பிப்ரவரி பத்தாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு, குழந்தைகள் இறங்கிய பிறகு பஸ்ஸைப் பின்புறக் கொட்டகையில் விட்டுவிட்டு நான் தள்ளாடித் தள்ளாடி நடந்ததை வாட்ச்மேனும் இரண்டு டீச்சர்களும் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் நோட்டீஸ் வந்தது. "பணி நேரத்தில் மது அருந்தியிருந்ததாகச் சந்தேகம்." வேறு ஒன்றிரண்டும் எழுதியிருக்கிறார்கள், அதை விடு. காலை எட்டே முக்காலுக்குக் குடித்தவளாம் நான். வாயை ஊதுகிறேன், பாருங்கள் என்று கத்தினேன். யாரும் கிட்டே வரவில்லை. பதினேழு வருடம் பஸ் ஓட்டியவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதற்குள் இரண்டு வேண்டும். எனக்கு வீட்டில் ஊசி போட்டபோது தினமும் நீ குறித்த அந்தத் தாளின் நகல். என்ன மருந்து, என்ன செய்தாய், என்ன செய்யாமல் விட்டாய் என்று உன் கைப்பட ஒரு கடிதம். ஊசி போட்ட கைக்கு எழுதவும் தெரியும் அல்லவா.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாடைத் தையலைப் பற்றி அத்தான் சொல்லவே இல்லை. பஞ்சை ஈரமாக்காமல் பார்த்துக்கொள்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் நிதானமாகவே எழுதப் பார்க்கிறேன். ஜனவரி ஆறாம் தேதி உன்னை எப்படித் தூக்கிக்கொண்டு போனோம் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. சிறுநீரகத்தில் கிருமி. ரத்தத்தில் கலந்துவிட்டது. ரத்த அழுத்தம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. என் பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னாய். மாத்திரை எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை. ஜென்டாமைசின் ஒன்றுக்குத்தான் அடங்கும் என்று பரிசோதனையில் வந்தது. டாக்டர் எழுதினார், போட்டோம், நீ பிழைத்தாய்.

அந்த மருந்து சிலருக்குக் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பது மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. மறைக்க அதில் ஒன்றும் இல்லை. பக்கவிளைவு வேறு, தவறு வேறு. எங்கள் வார்டில் தினமும் பத்துப் பேருக்கு நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறுகிறது. ஒருவருக்கு உடம்பு தடிக்கும். ஒருவருக்கு வயிறு போகும். ஒருவருக்கு ஊசி போட்ட கை வீங்கும். அதற்காக ஊசி போட்டவனைக் கூண்டில் ஏற்றுவதில்லை.

தாளைப் பற்றிக் கேட்டாய். அதில் நான்கு கேள்விகள். உடம்பில் தடிப்பு உண்டா, சிறுநீர் குறைகிறதா, காதில் சத்தம் உண்டா, தலை சுற்றுகிறதா. தினமும் கேட்டுக் குறிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து வீட்டில் வைத்துப் போட்டேனே, அந்த நாட்களின் கட்டங்கள் எல்லாவற்றிலும் "இல்லை" என்றுதான் இருக்கிறது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதைப் பார்த்துத்தான் டாக்டர் தொடரச் சொன்னார். காதில் சத்தம் வந்திருந்தால் நீ சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்போம். நீ சொல்லவில்லை.

கடிதம் எழுதிக் கொடுப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அடுத்த மாதம் என்னை வார்டுக்குப் பொறுப்பாகப் போடப்போகிறார்கள். இந்த நேரத்தில் "என்ன செய்யாமல் விட்டேன்" என்று நான் எழுதினால் அதை எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துப் பார். பொதுவாக அந்த மருந்தின் தன்மையைப் பற்றி டாக்டரிடமே ஒரு சான்று வாங்கலாம்.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். நடுவில் ஒரே ஓர் எழுத்து. கண் மட்டத்தில் சுவரில் ஒட்டு. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டு. ஒரு நிமிடம், நாளைக்கு ஐந்து தடவை. முதலில் வாந்தி வருகிற மாதிரி இருக்கும், போகப்போக எழுத்து குதிப்பது குறையும். விடாதே.

தம்பி


மார்ச் 13

நான் சொல்லவில்லையா?

நான் சொல்லவில்லையா, தம்பி? இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா?

பத்தாம் நாள் மதியம். நீ நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் படுத்திருந்தேன். "எங்கேயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுடா, போய்ப் பாரு" என்றேன். நீ போய்ப் பார்த்தாய். சமையலறைக் குழாயை மூடினாய். குளியலறைக் குழாயை மூடினாய். மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்தாய். கீழே வந்து "இப்ப கேக்குதா?" என்றாய். இன்னும் கேட்கிறது என்றேன். கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தாய். பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கடன் கேட்டாய். சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டி, கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினாய். "இப்ப?" என்றாய். இப்பவும் கேட்கிறது என்றேன். "எனக்குக் கேக்கலையே" என்றாய்.

உனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கிறது. நர்ஸ் வேலைக்குப் படித்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? காதில் சத்தம் உண்டா என்று கட்டம் போட்ட தாள் உன் பைக்குள் இருக்கிறது, நீ என் வீட்டுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். ஒழுகாத குழாயை ரிப்பேர் செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அன்று சாயங்கால ஊசியையும் போட்டாய்.

தினமும் கேட்டாயாமே. முதல் சில நாள் கேட்டாய், மறுக்கவில்லை. குழாய்ச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட நீ என்னை எதுவும் கேட்டதில்லை. மருந்தைக் கலந்தாய், ஏற்றினாய், போனாய். பிறகு அந்த "இல்லை"யெல்லாம் யார் சொன்னது? நான் இருந்தேன் அங்கே. என் வாயிலிருந்து வரவில்லை.

என் வேலையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பள்ளி வாசலில் பிள்ளைகள் எல்லாம் இறங்கியதும் நான் எழுந்து பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் நடக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் குனிந்து பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் தூங்கிப்போய்ச் சரிந்து கிடக்கும். திரும்பி வந்து நோட்டில் "பார்த்தாயிற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடந்தேனா இல்லையா என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது. எனக்கும் பஸ்ஸுக்கும்தான் தெரியும். பதினேழு வருடம். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் நான் இல்லை. அந்த வேலையை நீ செய்திருக்கிறாய்.

அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். உன் பதவிக்கு வாழ்த்துகள்.


மார்ச் 17

அக்கா,

நீ கத்தினால் நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், பத்து வயதிலும் அப்படித்தான், நாற்பது வயதிலும் அப்படித்தான். இந்தத் தடவை குனியப்போவதில்லை.

ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது யார்? நான் இல்லை. டாக்டர் பதினான்கு நாளும் வார்டில் இருக்கச் சொன்னார். "வேற ஆளை வண்டியில போட்டுட்டாங்கன்னா எனக்குத் திரும்ப பஸ் கிடைக்காது" என்று அழுதாய். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனாய். வேறு வழி இல்லாமல், என் தம்பி நர்ஸ், அவன் பார்த்துக்கொள்வான் என்று டாக்டரிடம் என்னைக் காட்டி, வீட்டுக்குப் போகக் கையெழுத்து வாங்கினாய். என் விடுமுறை அத்தனையும் அதில் போனது. ஒரு நன்றியாவது சொன்னாயா?

கேள்வி கேட்கவில்லை என்கிறாய். ஊசியோடு வரும்போதெல்லாம் "கேள்வி கேட்டுக் கொல்லாதேடா, குத்திட்டுப் போ" என்றது யார்? அந்த வீட்டில் நான் நர்ஸாக ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. தம்பியாகத்தான் இருந்தேன். தம்பியிடம் குழாயைப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன்.

இன்னொன்று. அத்தான் நேற்றுப் போனில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். அன்று காலை உன் பஸ்ஸுக்குள் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தூங்கிப்போய், கொட்டகையில் முக்கால் மணி நேரம் பூட்டிக் கிடந்ததாமே. "வேறு ஒன்றிரண்டு, அதை விடு" என்று எனக்கு எழுதினாயே, அது இதுதானா? பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் நான் இல்லை என்று நான்கே நாள் முன்னால் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் குழந்தை எப்படி உள்ளே இருந்தது?

தம்பி


மார்ச் 20

உன் அத்தானிடம் இனி என்னைப் பற்றிப் பேசாதே.

நான் கடைசி வரிசை வரை நடந்து பார்த்தேன். அவள் சீட்டுக்கு அடியில் பைகளோடு சுருண்டு கிடந்தாள். எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் குதிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு குனிந்தால் என்ன தெரியும்? அந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தது யார் என்று யோசி.

என்னைக் கேள்வி கேட்க உனக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது வாய்? கேட்க வேண்டிய நாளில் அதை எங்கே வைத்திருந்தாய்?

தாளின் நகல் இன்னும் வரவில்லை.


மார்ச் 23

அக்கா,

நகல் இத்துடன் இருக்கிறது. இவ்வளவு நாள் அது என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்க்கப் பயந்துகொண்டுதான் உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று எடுத்தேன்.

நீயே பார். பத்தாம் நாள் வரைக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒரு நாள் நீல மை, ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் பேனா வராமல் கிறுக்கியிருக்கிறேன். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ஒரே மை, ஒரே சாய்வு. பதினாறு "இல்லை". ஆஸ்பத்திரிக்குத் தாளைக் கடைசியாகக் கொண்டுபோன நாளில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். நீ தேறிக்கொண்டிருந்தாய், சாப்பிட்டாய், என்னைத் திட்டினாய். திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். பத்தாம் நாள் கட்டத்திலும் காதில் சத்தம் "இல்லை" என்றுதான் இருக்கிறது. அதை எழுதும்போது என் கையில் வாஷரின் கறை இருந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை. காது டாக்டர் கேட்டாரே, அதற்குப் பதில். ஐந்தாம் நாள் எடுத்தது சரியாக இருந்தது. ஒன்பதாம் நாளும் எடுத்தேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது, ரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று. உன் இரண்டு கையும் அப்போது கறுத்துக் கிடந்தது. அன்று காலை நான்காவது குத்தலில்தான் நரம்பு கிடைத்திருந்தது. நீ சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாய், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. வேறு நோயாளி என்றால் ஐந்தாவது தடவை குத்தியிருப்பேன். உன்னைக் குத்த எனக்கு மனம் வரவில்லை. தாளில் "அனுப்பப்பட்டது" என்று எழுதினேன். அனுப்பியது உண்மை. முடிவு வரவே இல்லை என்பதும் உண்மை. டாக்டர் அந்த "அனுப்பப்பட்டது" என்பதைப் பார்த்து, கெட்ட செய்தி இருந்தால் வந்திருக்கும் என்று தொடரச் சொன்னார். மருந்து உடம்பில் தேங்குகிறது என்று அந்த ஐந்தாவது குத்தலில் தெரிந்திருக்கும்.

பக்கவிளைவு வேறு, தவறு வேறு என்று உனக்குப் பாடம் எடுத்தேன். இது தவறு. இதை இப்படியே எழுதி எங்கள் நர்சிங் மேலாளரிடம் இன்று காலை கொடுத்துவிட்டேன். உனக்கு ஊசி எழுதிய டாக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கு ஒரு பிரதி தனியாக, கையெழுத்தோடு, இந்த உறையில் இருக்கிறது.

விசாரணையில் அதைக் கொடு. கண் ஆடியதால் குழந்தை தெரியவில்லை என்று சொல். நம்புவார்கள். நீ நடந்து பார்த்தாயா என்று இனி நான் கேட்கமாட்டேன். எல்லாம் என் தலையிலேயே விழட்டும், அக்கா. விழ வேண்டியதுதான்.

தம்பி


மார்ச் 30

தம்பி,

உன் கடிதத்தைக் கொண்டுபோனேன். உன் அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த நீள வராந்தாவில் நடந்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? பார்க்கட்டும் என்று நடந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஓரமாக அந்தக் குழந்தையின் அம்மா. உன் கடிதத்தையும் காது டாக்டரின் சீட்டையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். தலைமை ஆசிரியையின் முகம் இளகியது. "அப்ப நீங்க கடைசி வரைக்கும் நடந்து பாத்திருக்கீங்க, கண்ணுக்குத் தெரியல. அப்படித்தானே?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். நான் தலையை ஆட்டினால் போதும். தலையை ஆட்டினால் இப்போது எனக்கு அறை ஆடும், அது வேறு.

"நடக்கல" என்றேன்.

உனக்கும் பொய்தான் எழுதினேன். உன்னைக் கிழிகிழி என்று கிழித்த கடிதத்திலேயே அந்தப் பொய் இருக்கிறது, எடுத்துப் படித்துப் பார். பிப்ரவரி இரண்டாம் தேதி வேலைக்குத் திரும்பியபோதே எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்வரை ஒருமாதிரி சமாளித்தேன். எழுந்து நின்றால் பஸ்ஸின் நடைபாதை படகு மாதிரி ஆடியது. முதல் மூன்று நாள் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் போனேன். நான்காம் நாள் பாதியில் திரும்பினேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், காலியாகத் தெரிந்தது, கையெழுத்துப் போட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு "ஒரு நடை பாத்துட்டு வாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பஸ் போய்விடும். ஊசி என் காதைக் கொன்றது, சரி. கையெழுத்துப் போடச் சொன்னது ஊசி இல்லை. அந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டச் சொன்னதும் ஊசி இல்லை.

அவர்களிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டு டிரைவர்கள் அறையில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகை அதற்கு அடுத்தாற்போலத்தான். தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் காதில் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறதே, அதில் இதுவும் ஒன்று என்று கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டேன். வாட்ச்மேன்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறார். ஜன்னல் எல்லாம் மூடி, புழுக்கத்தில், வியர்த்து நனைந்து, கை சிவந்து போயிருந்தாளாம். நீ என் காதின் சத்தத்தைக் குழாய் என்று நினைத்தாய். நான் அந்தப் பிள்ளை தட்டியதை என் காது என்று நினைத்தேன். உன்னை எந்த வாயால் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

குடித்திருந்ததாக எழுதிய வரியை அடித்துவிட்டார்கள். அதற்கு உன் கடிதம்தான் காரணம். வேலை போய்விட்டது. சாவியை நானே மேஜையில் வைத்தேன். வெளியே வரும்போது குழந்தையின் அம்மா எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் பொண்ணு இன்னும் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்குறா" என்று மட்டும் சொன்னாள்.

உன் பதவி உயர்வு நின்றுபோனதாகவும், உன்மேல் விசாரணை தொடங்கியிருப்பதாகவும் அத்தான் சொன்னார். நன்றாக வேண்டும் என்று சந்தோஷப்படப் பார்த்தேன். முடியவில்லை. அதற்காக உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் முகம் கழுவும்போதெல்லாம் வருகிறது. நான் அழுததைப் பார்த்து இரக்கப்பட்டாயாம். அந்த ஐந்தாவது குத்தலை நீ குத்தியிருக்க வேண்டும், தம்பி. நான் அழுதாலும், கையைத் தட்டிவிட்டாலும் பிடித்து வைத்துக் குத்தியிருக்க வேண்டும். இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்டுக்கொண்டிரு.

நேற்று மதியம் மறுபடி தண்ணீர்ச் சத்தம். வழக்கமான இரைச்சல்தான் என்று படுத்திருந்தேன். பிறகு பொறுக்கவில்லை. இனி எந்தச் சத்தத்தையும் பார்க்காமல் விடுவதில்லை என்று எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போய், குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கால் டம்ளர் தண்ணீர். நீ இறுக்கிய இறுக்கில் வாஷர் நசுங்கிப்போயிருக்கிறது. உன் அத்தான் சரிசெய்கிறேன் என்றார். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு நடுவில் இரண்டு நாள் கிடைத்தால் கிளம்பி வா. அந்த எழுத்து அட்டை இன்னொன்று எழுதிக் கொண்டுவா. வாஷர் இந்தத் தடவை நல்லதாகப் பார்த்து வாங்கு. வந்ததும் முதலில் என் காதைப் பார். பிறகு குழாயைப் பார்.

அக்கா